சம்பந்தியின் கால்

அக்கா: இழுக்காதீங்க சம்பந்தி. ஷூ வராது, கால்தான் கையோட வரும்.

சம்பந்தி: வந்தா வரட்டும்... அதுவே தேவலாம் போலிருக்கு.

அக்கா: கையை எடுங்க. லேஸை முழுசா உருவிட்டு நாக்கை வெளிய மடிச்சாத்தான் கழலும்.

சம்பந்தி: எந்த நாக்கை?

அக்கா: ஷூவோட நாக்கைச் சொன்னேன். உங்க நாக்கு அஞ்சு நாளா வெளியிலதான் இருக்கு.

சம்பந்தி: நீங்க பேசாத பேச்சா... மெதுவா. மெதுவான்னேன் அக்கா.

அக்கா: இருபத்தாறு வருஷம் செருப்புக் கடையில லேடீஸ் பக்கம் நின்னிருக்கேன். நான் பார்க்காத காலா. இப்படி என் மடியில வைங்க.

சம்பந்தி: ஐயோ, வேணாம். நீங்க மேல உக்காருங்க. மாப்பிள்ளையோட அம்மா, பொண்ணோட அம்மா காலைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு... பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?

அக்கா: யாரு பார்க்கறா இங்க? ரெண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு வாளி. மூணாவது ஆளுன்னு பார்த்தா உங்க கால்தான். அதுக்குத் தனியா ஒரு கட்டில் கேட்டு வாங்கணும் போல.

சம்பந்தி: அவ்வளவு மோசமாவா இருக்கு?

அக்கா: நீங்களே பாருங்க. சாக்ஸைக் கழட்டிட்டேன். ஆனா போட்ட மாதிரியே இருக்கு. கோடு கோடா அச்சு. கணுக்கால் எங்க போச்சு?

சம்பந்தி: காலைல அங்கதான் இருந்துச்சு.

அக்கா: எப்பலேர்ந்து இப்படி?

சம்பந்தி: இன்னிக்குத்தான். ஆத்தோரமா நடந்து வர்றப்ப அந்தப் பெரிய பாலம் ஏறி இறங்கினோம்ல... அதுக்கப்புறம்.

அக்கா: பாலம் ஏறினா மூட்டு வலிக்கும். கால் ஏன் பன்னு மாதிரி உப்புது? ஷூ என்ன நம்பர்?

சம்பந்தி: ஆறு.

அக்கா: நான் போன்ல என்ன சொன்னேன்?

சம்பந்தி: ஏழு வாங்கச் சொன்னீங்க.

அக்கா: சொன்னேன்ல?

சம்பந்தி: என் அளவு ஆறுதான் அக்கா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஆறு.

அக்கா: காலைல ஆறு. சாயங்காலம் ஆறரை. நூறு கிலோமீட்டர் நடந்தா ஏழு. அதனாலதான் ஷூ வாங்க சாயங்காலமா வாங்கன்னு சொல்வேன். ஒருத்தி கேக்க மாட்டா. காலைல வந்து சின்னதா வாங்கிட்டுப் போயி, மறுநாள் கடிக்குதுன்னு தூக்கிட்டு வருவா. தன் கால் பெருசுன்னு ஒத்துக்கிட்ட பொம்பளையை நான் இன்னும் பார்க்கல.

சம்பந்தி: என் தையல் கடையிலயும் அதே கதைதான். இடுப்புல டேப்பைச் சுத்தினதும் மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சுக்குவாங்க. விடுங்கம்மான்னா, விட்டுட்டேனேம்பாங்க. நானும் பேசாம ரெண்டு இன்ச் சேர்த்து வெட்டிடுவேன்.

அக்கா: ஊருக்கெல்லாம் ரெண்டு இன்ச் சேர்க்கத் தெரியுது. தன் காலுக்கு ஒரு நம்பர் சேர்க்கத் தெரியல.

சம்பந்தி: அந்தக் கடைக்காரர்தான்... "உங்களுக்கு ரொம்ப அழகான கால்மா, ஆறே போதும்"னார்.

அக்கா: விழுந்துட்டீங்க.

சம்பந்தி: நல்லதா நாலு வார்த்தை காதுல விழுந்து எத்தனை வருஷம் ஆச்சு.

அக்கா: அதை நாங்க ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வோம். கழுதை வந்து காலை நீட்டினாலும் சொல்வோம். இந்த வாளியில வைங்க... ரெண்டையும்.

சம்பந்தி: ஸ்ஸ்... பனிக்கட்டி மாதிரி இருக்கு.

அக்கா: அப்படித்தான் இருக்கணும். விரலை ஆட்டுங்க. கணுக்காலைச் சுத்துங்க.

சம்பந்தி: அது இருந்தாத்தானே சுத்தறதுக்கு... அக்கா, உங்க போன் அடிக்குது.

அக்கா: அடிக்கட்டும்.

சம்பந்தி: மாப்பிள்ளை பேர்தான் வருது. எடுங்க.

அக்கா: வராந்தாவுல போய்ப் பேசிட்டு வரேன். இங்க சிக்னல் இருக்காது.

சம்பந்தி: இங்கதானே அடிச்சுது?

அக்கா: அடிக்கறதுக்கு இருக்கும். பேசறதுக்கு இருக்காது.

*

சம்பந்தி: என்ன சொல்றார் மாப்பிள்ளை?

அக்கா: கால் எப்படி இருக்குன்னு கேட்டான்.

சம்பந்தி: யாரு கால்?

அக்கா: ...பொதுவா. ரெண்டு பேர் காலும்தான்.

சம்பந்தி: என் பொண்ணு பக்கத்துல இருந்தாளா?

அக்கா: இருந்தா. சமையல்கட்டுல ஏதோ பாத்திரம் கழுவற சத்தம் கேட்டுச்சு.

சம்பந்தி: அவளா? எங்க வீட்டுல ஒரு டம்ளரைக்கூடக் கழுவ மாட்டா.

அக்கா: கல்யாணம் ஆனா மாறிடறாங்க.

சம்பந்தி: ஆமா... மாறிடறாங்க.

அக்கா: இப்ப உங்க போன் கத்துது பாருங்க.

சம்பந்தி: மெசேஜ்தான். கிடக்கட்டும்.

அக்கா: முக்கியமா இருக்கப் போகுது.

சம்பந்தி: கடை வேலை அக்கா. "ஆச்சா, ஆச்சா"ன்னு அரிச்சுக்கிட்டே இருக்காங்க.

அக்கா: என்ன தைக்கணும்?

சம்பந்தி: தைக்கறது இல்ல, பிரிக்க வேண்டிய வேலை. தள்ளிப் போட்டுக்கிட்டே வரேன்.

அக்கா: சரி, வாளி போதும். துடைச்சுட்டுத் தரையில படுங்க. காலைச் செவுத்து மேல நீட்டணும்.

சம்பந்தி: செவுத்து மேலயா? இந்த வயசுலயா?

அக்கா: இந்த வயசுலதான் கால்ல தண்ணி இறங்குது. அதை மேல அனுப்ப வேணாமா? இடுப்பைச் செவுத்தோட ஒட்டுங்க. இன்னும். ஆங்... தள்ளிக்குங்க, நானும் படுக்கறேன்.

சம்பந்தி: இப்ப ரூம் கொடுத்த வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடுவாங்க.

அக்கா: கூப்பிடட்டும். படுத்துக்கிட்டே போகலாம்... என்ன சிரிப்பு?

சம்பந்தி: ஒண்ணும் இல்ல. கல்யாணத்தன்னிக்கு உங்களைப் பார்த்து நான் நடுங்கினது ஞாபகம் வந்துச்சு. மூஞ்சியை உர்ர்னு வெச்சுக்கிட்டு நின்னீங்க. நாலு தடவை வந்து சாப்பிடுங்கன்னு கூப்பிட்டேன். தலையை மட்டும் ஆட்டினீங்க. இந்தம்மாகிட்ட என் பொண்ணு எப்படிக் குப்பை கொட்டப் போறாளோன்னு கவலையாப் போச்சு.

அக்கா: அன்னிக்குச் செருப்பு கடிச்சுது சம்பந்தி.

சம்பந்தி: என்னது?

அக்கா: புதுச் செருப்பு. என் கடையிலேயே, என் கையாலேயே எடுத்தது. குதிகால்ல தோல் உரிஞ்சு போச்சு. செருப்புக்கடைக்காரிக்கே செருப்பு கடிக்குதுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்ல? ஒரு அடி எடுத்து வெச்சா உயிர் போகுது. அதான் நின்ன இடத்துலயே நின்னேன்.

சம்பந்தி: அடப்பாவமே. ஆறு மாசம் உங்களுக்குப் போன் பண்ணவே பயந்தேன்.

அக்கா: அப்புறம் எப்படி வந்துச்சு தைரியம்?

சம்பந்தி: உங்களுக்குக் கண் ஆபரேஷன்னு சொன்னாங்க. தனியா இருக்கீங்களேன்னு வந்தேன்.

அக்கா: பத்து நாள் இருந்தீங்க. கடையைப் பூட்டிப் போட்டுட்டு. நாலு வேளையும் சொட்டு மருந்து. பெத்த பிள்ளை ரெண்டாம் நாளே ஆபீஸுக்குக் கிளம்பிட்டான்.

சம்பந்தி: நீங்க கண்ணைத் திறந்தாத்தானே. சொட்டு விழறதுக்குள்ள இறுக்கி மூடிப்பீங்க. மருந்தெல்லாம் கன்னத்துல ஓடும்.

அக்கா: அதுக்கு என் தலையில ஒண்ணு போட்டீங்க.

சம்பந்தி: போடலையே.

அக்கா: போட்டீங்க. லேசா. அப்பத்தான் எனக்கு உங்களைப் பிடிச்சுது.

*

மருந்துக்கடைக்காரர்: இந்த ஸ்டூல்ல உக்காருங்கம்மா. ரெண்டு காலும் வீங்கியிருக்கா, ஒண்ணு மட்டுமா?

அக்கா: ரெண்டும்தான். இடது கொஞ்சம் கூட.

மருந்துக்கடைக்காரர்: அவங்களைக் கேட்டேன்.

அக்கா: அவங்க குறைச்சுத்தான் சொல்வாங்க.

மருந்துக்கடைக்காரர்: பின்னங்கால் சதையை அமுக்கறேன்... வலிக்குதா?

சம்பந்தி: இல்ல தம்பி.

அக்கா: நிஜமாவா?

சம்பந்தி: நிஜமாவே இல்லக்கா.

மருந்துக்கடைக்காரர்: மூச்சு வாங்குதா? படுத்தா நெஞ்சை அடைக்குதா?

அக்கா: பேச்சே இன்னும் நிக்கல. மூச்சு எங்க வாங்கப் போகுது.

மருந்துக்கடைக்காரர்: பிரஷர், சர்க்கரை, ஏதாவது மாத்திரை?

சம்பந்தி: எதுவும் கிடையாது.

மருந்துக்கடைக்காரர்: கட்டைவிரலால அமுக்கினா குழி விழுது பாருங்க. மெதுவாத்தான் மேல வருது. நீர் கோத்திருக்கு. வெயில், நடை, இறுக்கமான ஷூ... அதுதான். பயப்பட வேணாம். ஆனா ஒரு கால் மட்டும் திடீர்னு பெருசாச்சு, சூடாச்சு, மூச்சு முட்டிச்சுன்னா என்கிட்ட வராதீங்க. நேரா ஆஸ்பத்திரி.

அக்கா: கேட்டுக்கிட்டீங்களா சம்பந்தி?

மருந்துக்கடைக்காரர்: எத்தனை நாளா இருக்கு?

சம்பந்தி: இன்னிக்குத்தான்.

மருந்துக்கடைக்காரர்: ஒரு நாள் வீக்கம் மாதிரி தெரியலையே.

சம்பந்தி: என் கால் அப்படி தம்பி. எதையும் சட்டுனு செஞ்சுடும்.

மருந்துக்கடைக்காரர்: எங்கேருந்து நடந்து வரீங்க?

அக்கா: ஆத்தோரமா அஞ்சு நாளா வரோம். இன்னும் மூணு நாள் நடந்தா கடல் வந்துடுமாம்.

மருந்துக்கடைக்காரர்: ஏதாவது பந்தயமா?

அக்கா: பந்தயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிள்ளைங்க புக் பண்ணினது. என் பையனும் இவங்க பொண்ணும். அவங்க வர முடியல, எங்களை அனுப்பிட்டாங்க. ரூமுக்கெல்லாம் முன்னாடியே கட்டிட்டாங்க, வீணாப் போகக் கூடாதுல்ல.

மருந்துக்கடைக்காரர்: இந்த வழியில புருஷன் பொண்டாட்டி வருவாங்க. ஃப்ரெண்ட்ஸ் வருவாங்க. சம்பந்திங்க ஜோடி போட்டு வந்து நான் பார்த்ததில்ல.

சம்பந்தி: நாங்களும் பார்த்ததில்ல தம்பி.

மருந்துக்கடைக்காரர்: அஞ்சு நாள்ல சண்டை வரலையா?

சம்பந்தி: ஜன்னலைத் திறக்கறதா மூடறதான்னு ஒரு தடவை வந்துச்சு.

மருந்துக்கடைக்காரர்: யாரு ஜெயிச்சாங்க?

அக்கா: கொசு.

மருந்துக்கடைக்காரர்: பிள்ளைங்க ஏன் வரல?

அக்கா: அவனுக்கு லீவு கிடைக்கல.

சம்பந்தி: அவளுக்கு ஆபீஸ்ல ஆடிட்டு.

மருந்துக்கடைக்காரர்: ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா? பாவம். கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?

அக்கா: மூணு.

சம்பந்தி: மூணு முடியப் போகுது.

மருந்துக்கடைக்காரர்: சரிம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. எதிர்லதான் பஸ் ஸ்டாப். ஏழு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. ஏறினா ரெண்டு மணி நேரத்துல நீங்க நடக்க ஆரம்பிச்ச ஊர்.

அக்கா: அஞ்சு நாள் நடந்து வந்தது வெறும் ரெண்டு மணி நேரமா?

மருந்துக்கடைக்காரர்: ஆறு வளைஞ்சு வளைஞ்சு போகுது. பஸ் நேராப் போகுது.

சம்பந்தி: பஸ் வேணாம்.

அக்கா: பஸ்ஸெல்லாம் வேணாம்.

மருந்துக்கடைக்காரர்: ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொல்றீங்க. இதுல யாருக்குக் கால் வீங்கியிருக்குன்னே எனக்கு மறந்து போச்சு. அப்ப நாளைக்கு ஒரு நாளாவது படுத்துக்குங்க.

சம்பந்தி: அந்த ரூம் இன்னிக்கு மட்டும்தான் தம்பி. அடுத்த ரூம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

மருந்துக்கடைக்காரர்: ஒன்பதா... மூணு மூணாப் பிரிச்சுக்குங்க. மூணு கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஷூவைக் கழட்டி, காலை உசத்தி வெச்சு அரை மணி நேரம். தண்ணி நிறையக் குடிங்க. முக்கியமா, இந்த ஷூவோட போகாதீங்க.

அக்கா: பக்கத்துல செருப்புக் கடை ஏதாவது?

மருந்துக்கடைக்காரர்: ஒண்ணு இருந்துச்சு. மூடிட்டாங்க.

அக்கா: பார்த்தீங்களா, இந்தக் காலத்துல யாரு கடையில வந்து கால் நீட்டறாங்க.

*

சம்பந்தி: ராத்திரி முழுக்க தலையணை மேல காலை வெச்சதுல கொஞ்சம் வத்தியிருக்கு பாருங்க. கணுக்கால் எட்டிப் பார்க்குது.

அக்கா: வெயில் ஏறினதும் திரும்பப் போய் ஒளிஞ்சுக்கும். ஷூவுக்கு என்ன பண்றது?

சம்பந்தி: என் பையில கத்திரி இருக்கு. தையல் பிரிக்கற சின்னக் கத்தியும் இருக்கு. எடுங்க.

அக்கா: எதுக்கு?

சம்பந்தி: ஷூவைப் பிரிச்சு விடத்தான்.

அக்கா: என் கண்ணு முன்னாடியா? வாங்கி ஒரு மாசம்கூட ஆகல.

சம்பந்தி: நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. நான் புதுத் துணியில கத்திரி வெக்காத நாளே கிடையாது.

அக்கா: இருங்க, இருங்க. எந்தப் பக்கம் வெக்கறீங்க? பெருவிரல் பக்கம் பிரிச்சா ஷூ ஒரே பக்கமா சாஞ்சுடும். சுண்டுவிரல் பக்கம். ஓரத்துல ரெண்டு வரிசை தையல் தெரியுதா?

சம்பந்தி: தெரியுது.

அக்கா: அதுல உள் வரிசையை விட்டுடுங்க. வெளி வரிசையை மட்டும்... மூணு விரக்கடை நீளத்துக்கு.

சம்பந்தி: கையைக் காட்டாதீங்க, கத்தி பட்டுடும். வாயால சொல்லுங்க.

அக்கா: இன்னும் கொஞ்சம். போதும். நாக்குக்கு அடியில ஒரு பட்டை இருக்கும், அதையும் எடுத்துடுங்க... பரவாயில்லையே. பத்து வருஷம் செருப்பு தச்சவங்க மாதிரி கை போகுது.

சம்பந்தி: துணியோ தோலோ, தையல் தையல்தானே. நூலோட ஒரு முனை கிடைச்சா போதும், மிச்சம் தன்னால வந்துடும்.

அக்கா: காலை நீட்டுங்க. நடு ஓட்டையை விட்டுட்டு லேஸைக் கோக்கறேன், மேல்கால்ல அழுத்தாது. எப்படி இருக்கு?

சம்பந்தி: காத்து வருது.

அக்கா: இப்ப இது ஏழு. ஒத்துக்கறீங்களா?

சம்பந்தி: ஆறுதான். ஜன்னல் வெச்ச ஆறு.

*

அக்கா: இங்க உக்காரலாம். நல்ல பெஞ்சு. நிழலும் இருக்கு.

சம்பந்தி: மறுபடியுமா? இப்பத்தானே அந்தக் கல்லு மேல உக்காந்தோம்.

அக்கா: மூணு கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னு அவர் சொன்னார்ல.

சம்பந்தி: ஒண்ணுகூட ஆகலக்கா.

அக்கா: என் கணக்குல மூணு. உக்காருங்க.

சம்பந்தி: நீங்க இப்படி ஒவ்வொரு பெஞ்சா உக்காந்துக்கிட்டே போனா கடலுக்குப் போய்ச் சேர ஒரு மாசம் ஆகும்.

அக்கா: ஆகட்டுமே. வீட்டுல யாரு எனக்காகக் காத்துக்கிட்டிருக்கா.

சம்பந்தி: ஏன், ஞாயித்துக்கிழமையானா பையனும் மருமகளும் வருவாங்கல்ல.

அக்கா: ...வருவாங்க. போன வாரம்கூட வந்தாங்க.

சம்பந்தி: ரெண்டு பேருமா?

அக்கா: ரெண்டு பேரும்தான். சிரிச்சுப் பேசிக்கிட்டு... சாயங்காலம் வரைக்கும் இருந்தாங்க.

சம்பந்தி: என்ன சமைச்சீங்க?

அக்கா: அவளுக்குப் பிடிச்சதுதான்.

சம்பந்தி: நல்லா சாப்பிட்டாளா?

அக்கா: ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

சம்பந்தி: ...சந்தோஷம் அக்கா.

அக்கா: ஷூவைக் கழட்டுங்க. பார்ப்போம்... என்ன இது?

சம்பந்தி: என்ன?

அக்கா: சாக்ஸ்ல ரத்தம். சுண்டுவிரல் தோல் வழண்டு போயிருக்கு. வலிக்கலையா?

சம்பந்தி: லேசா எரிஞ்சுது.

அக்கா: லேசாவா? இதை வெச்சுக்கிட்டா வாத்து போகுது, கொக்கு போகுதுன்னு எனக்குக் காட்டிக்கிட்டு வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?

சம்பந்தி: சொன்னா நீங்க பதறுவீங்க. இதோ இப்பப் பதறற மாதிரி.

அக்கா: போதும் சம்பந்தி. இது பஸ் நிக்கற இடம்தான், பலகையில போட்டிருக்கு. வர்ற பஸ்ஸுல ஏறிடலாம்.

சம்பந்தி: இன்னும் ஆறு கிலோமீட்டர்தான் இருக்கு.

அக்கா: எட்டு இருக்கு. அதோ பஸ்ஸே வருது. எந்திரிங்க.

சம்பந்தி: கையைக் காட்டாதீங்க அக்கா. நின்னுடும்.

அக்கா: நிக்கத்தானே காட்டறேன்.

சம்பந்தி: ...இல்ல சார், நாங்க ஏறல. சும்மா காத்தாட உக்காந்திருக்கோம். ஆமா, கையைத் தெரியாமக் காட்டிட்டாங்க. நீங்க போங்க சார்.

அக்கா: இப்படிக் கல்லு மாதிரி உக்காந்துட்டீங்களே. அடுத்த பஸ் மத்தியானம்தான். இந்தக் காலை வெச்சுக்கிட்டு யாருக்காக நடக்கறீங்க? அப்படி அந்தக் கடல்ல என்னதான் இருக்கு?

சம்பந்தி: பிள்ளைங்க ஆசையா ஏற்பாடு பண்ணினது அக்கா. பாதியில திரும்பிப் போனா அவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்காதா?

அக்கா: ...அவங்க மனசைப் பத்திக் கவலைப்படாதீங்க.

சம்பந்தி: ஏன் அப்படிச் சொல்றீங்க? என்னக்கா? ஏன் முகத்தைத் திருப்பிக்கறீங்க? கண்ணுல தூசி விழுந்துச்சா?

அக்கா: போன ஞாயித்துக்கிழமை யாரும் வரல சம்பந்தி.

சம்பந்தி: அக்கா...

அக்கா: குறுக்க பேசாதீங்க. அஞ்சு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பார்த்து வெச்சிருக்கேன், விட்டா மறுபடி முழுங்கிடுவேன். லீவு கிடைக்கலைங்கறது பொய். இந்த நடையை அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து போகணும்னுதான் புக் பண்ணினாங்க. அப்ப சேர்ந்து இருந்தாங்க. இப்ப இல்ல. நாலு மாசமாச்சு. அந்த வீட்டுல என் பையன் மட்டும்தான் இருக்கான். நேத்து பாத்திரம் கழுவினதும் அவன்தான். யார் மேல தப்புன்னு கேட்டேன். யார் மேலயும் இல்லம்மா, ரெண்டு பேரும் யோசிச்சுப் பேசித்தான் பிரிஞ்சோம்கறான். அதுதான் எனக்கு ஆறவே இல்ல. யார் மேலயாவது தப்பு இருந்தா ஒரு மூச்சு திட்டித் தீர்த்திருப்பேன். விவாகரத்துப் பேப்பர்ல கையெழுத்துகூடப் போட்டுட்டாங்களாம். உங்க பொண்ணு உங்ககிட்ட இன்னும் வாயைத் திறக்கல போலிருக்கு. "எட்டு நாள் கூடவே இருப்பே, நீயே பக்குவமா எடுத்துச் சொல்லிடும்மா"ன்னு அவன் என்னை அனுப்பி வெச்சான். தினமும் போன் பண்ணி, சொல்லிட்டியா சொல்லிட்டியான்னு கேக்கறான்.

சம்பந்தி: ஏன் சொல்லல?

அக்கா: முதல் நாள் சொல்லலாம்னு பார்த்தேன். நீங்க தண்ணியில காலை விட்டுக்கிட்டுச் சின்னப் பிள்ளையாட்டம் சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. ரெண்டாம் நாள் மழை. மூணாம் நாள் நான் தூங்கறப்ப உங்க போர்வையையும் என் மேல போத்தி வெச்சிருந்தீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?

சம்பந்தி: அழாதீங்க அக்கா. ரோட்டுல போறவங்க பார்க்கறாங்க.

அக்கா: பார்க்கட்டும். சொல்லிட்டா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்க. போகத்தானே செய்வீங்க? உங்க பொண்ணோட வாழ்க்கை. அதுக்கப்புறம் என் முகத்துல எப்படி முழிப்பீங்க? ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணி, சாப்பிட்டீங்களான்னு என்னைக் கேக்க வேற யாரு இருக்கா? அதான் வழி நெடுக உக்காந்து உக்காந்து வந்தேன். என் சுயநலத்துக்கு, ஒண்ணும் தெரியாத உங்களை இந்தக் காலோட நடக்க விட்டுட்டேன்... ஏதாவது பேசுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க.

சம்பந்தி: நாலு மாசமா என் தையல் மெஷினுக்குப் பக்கத்துலதான் கட்டில் போட்டுப் படுத்திருக்கா அக்கா, "அத்தைகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிட்டு வாம்மா"ன்னு அவளும்தான் என்னை அனுப்பி வெச்சா... இந்தக் கால் நேத்தைக்கு ஒண்ணும் வீங்கல, முதல் நாளே வீங்கிடுச்சு, சொன்னா நீங்க பஸ் ஏத்தி விட்டுடுவீங்களேன்னுதான் வாயை மூடிக்கிட்டு உங்க கூடவே நடந்தேன்.